வாளியில் ஒரு கூடை நட்சத்திரம்

வேலை போன பிறகும் என் உடம்பு மூன்றரை மணிக்கே எழுந்துகொண்டிருந்தது. இருபத்தோரு வருஷம் எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள கெலாங் பாத்தாவிலிருந்து இரண்டாவது பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய் வந்த உடம்பு. அலாரத்தை நிறுத்திவிட்டேன், உடம்பை நிறுத்த முடியவில்லை. தொழிற்சாலையில் எனக்கு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் வேலை. கீறல் இருந்தால், சில்லின் கம்பிக் கால் வளைந்திருந்தால் இடது பக்கத் தட்டில் போட வேண்டும். அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றுகிறோம் என்று சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி எங்களை அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகு எனக்கு உற்றுப் பார்க்க எதுவும் இல்லாமல் போயிற்று.

முதல் மாதம் வீட்டைத் துடைத்தேன். துடைத்த தரையையே மறுபடி துடைத்தேன். ஐஸ் பெட்டியை இடம் மாற்றி வைத்தேன், இரண்டு நாள் கழித்துப் பழைய இடத்துக்கே தள்ளினேன். என் கணவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தால் அவருக்கு எதுவும் அசையக் கூடாது. நானோ அவர் காலைத் தூக்கச் சொல்லி அடியில் கிடக்கும் விரிப்பை உதறப் போவேன்.

“ஒரு எடத்துல உக்காரமாட்டியா நீ? பாக்குற எனக்கே தல சுத்துது லா,” என்பார்.

“நீங்க கண்ண மூடிக்குங்க,” என்பேன்.

உட்கார்ந்தால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். எங்கேயோ பஸ் கிளம்பிவிட்டது, நான் ஏறவில்லை என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

அப்படி அடித்துக்கொண்ட ஒரு விடிகாலையில்தான் காரை எடுத்துக்கொண்டு கடல் பக்கம் போனேன். வீட்டிலிருந்து இருபது நிமிஷம். கம்பம் என்று நாங்கள் சொல்லும் மீனவக் கிராமத்தின் ஓரத்தில் ஒரு பழைய மரப் படகுத்துறையும், தகரக் கூரை போட்ட நாசி லெமாக் சோற்றுக் கடையும் இருந்தன. கடை இன்னும் திறக்கவில்லை. துறையில் என் வயதுள்ள ஒரு பெண் இரண்டு கைகளிலும் வாளிகளோடு படகிலிருந்து ஏறப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் யார், எவர் என்று கேட்கவில்லை.

“காக், இத பிடிங்க,” என்று ஒரு வாளியை நீட்டினாள்.

காக் என்றால் அக்கா. அவள் பேசியது மலாய். எனக்கு அது தமிழாகவே நினைவிலிருப்பதால் அப்படியே எழுதுகிறேன். வாளி நிறைய கோங்கோங் நத்தைகள். அவள் சிலேத்தார் இனத்தைச் சேர்ந்தவள். அவளுடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இந்த நீரிணையிலேயே படகோட்டிப் பிழைத்தவர்கள். புருஷன் நண்டு வலை போடுகிறார், அவள் நத்தை பொறுக்குகிறாள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது முறை போனபோது படகில் ஏறிக்கொள்ளச் சொன்னாள். நானும் ஏன் என்று கேட்காமல் ஏறிவிட்டேன்.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்கு நடுவே ஒரு மேடு இருக்கிறது. பெத்திங் என்பார்கள். மற்ற நேரமெல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் சில நாட்களில் மட்டும் வெளியே தெரியும். அந்த மாதங்களில் விடிவதற்கு முன்னால்தான் அப்படி வற்றும். ஒருபக்கம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் விளக்கு போட்டு நிற்க, இன்னொரு பக்கம் பாலத்தின் மேல் நான் போக வேண்டிய பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்க, நடுவில் கடல்புல் படர்ந்த சேற்றில் நான் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பேன். நத்தை பொறுக்க எனக்கு வரவில்லை. அவள் பத்து எடுக்கும் நேரத்தில் நான் ஒன்று எடுப்பேன், அதுவும் வெறும் ஓடாக இருக்கும். ஆனால் அங்கே நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருந்தது.

மேட்டின் ஓரத்தில், தரை ஆழத்துக்கு இறங்கும் இடத்தில், முழங்கால் தண்ணீரில் கடல் விசிறிகள் நிற்கும். செடி மாதிரி இருந்தாலும் அதுவும் ஒரு கடல் பிராணிதான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு விசிறி. அதன் கிளையில் எதுவோ முடிச்சாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ரப்பர் பேண்டுகளைக் கைநிறைய அள்ளி உருட்டி ஒட்டவைத்தது போல, என் உள்ளங்கையை விடச் சின்னதாக. விரலால் தொட்டேன். முடிச்சு இறுகியது.

“இங்க பாரு, இது என்னா?” என்று கூப்பிட்டேன்.

அவள் குனிந்த தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள். “அதா? எங்க வீட்டுல குசுட்னு சொல்லுவோம். சிக்கல். வலையில மாட்டுனா அர நாள் போயிரும். விடுங்க காக், தண்ணி ஏறுது.”

நான் விடவில்லை. படம் எடுத்து மூவாரில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மகளுக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலம் அவள் கூப்பிட்டாள்.

“மா, அது நட்சத்திர மீனோட சொந்தம் மா. பாஸ்கெட் ஸ்டார். பகல்லயும் வெளிச்சத்துலயும் சுருண்டு கெடக்குமாம். இருட்டானாத்தான் கைய விரிக்குமாம். படம் அனுப்பிருக்கேன் பாருங்க.”

பார்த்தேன். அதே முடிச்சு விரிந்திருந்தது. நடுவில் ஒரு சின்ன வட்டு. அதிலிருந்து ஐந்து கைகள். ஒவ்வொரு கையும் இரண்டாகப் பிரிந்து, அந்த இரண்டும் நாலாகி, நாலு எட்டாகி, கடைசியில் நூல் நுனிகளாகப் போய், மொத்தமும் பின்னிய கூடை போல ஓடும் தண்ணீரை எதிர்த்துத் திறந்திருந்தது. தண்ணீரில் வரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை நுனிகளிலுள்ள கொக்கிகளால் பிடித்து, சுருட்டி, அடியில் இருக்கும் வாய்க்குக் கொண்டுபோகுமாம். நான் அதைக் கூடை நட்சத்திரம் என்று எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, நுனிகள் மங்கலாகும் வரைக்கும் பார்த்தேன். கடல் மறுபடி வற்றும் வரைக்கும் இரண்டு வாரமும் அதே வேலை.

கணவரிடமும் காட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“இது இன்டர்நெட் படம். நீ பாத்தது இதுவா?”

“நான் பாத்தது சுருண்டு இருந்துச்சு.”

“அப்ப நீ ஒன்னும் பாக்கல. ஒன்னுமில்லாத சேத்துல எறங்கி என்னத்ததான் தேடுறியோ.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த “ஒன்னும் பாக்கல” எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை கடல் வற்றும் நாட்கள் வந்தபோது, மூடி போட்ட ஒரு வாளியை நான் காரில் எடுத்து வைத்தேன். எதற்கென்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எடுத்து வைத்தேன்.

அது அதே விசிறியில்தான் இருந்தது. அவள் மேட்டின் மறுபக்கம் இருந்தாள், அவளுடைய தலை விளக்கு தூரத்தில் அசைந்துகொண்டிருந்தது. நான் என் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு சுருளாக விடுவிக்கப் பார்த்தேன். இருபத்தோரு வருஷம் மிக நுண்ணிய பொருட்களைக் கையாண்ட விரல்கள் இவை, இதைச் செய்துவிடும் என்று நம்பினேன். ஒரு சுருளை எடுத்தால் பக்கத்துச் சுருள் இன்னும் இறுக்கிப் பிடித்தது. எனக்கு அவசரம். தண்ணீர் ஏறிவிடும், அவள் வந்துவிடுவாள். கொஞ்சம் இழுத்தேன். மெல்லிய ஒரு ‘டக்’ விரலில் தெரிந்தது. முடிச்சு என் கைக்கு வந்துவிட்டது. இரண்டு நுனிகள் மட்டும் விசிறியிலேயே தங்கிவிட்டன. அறுந்த பிறகும் அவை கிளையை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டதைப் பார்த்தேன்.

அப்போதே திருப்பி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. வாளியில் போட்டு, மூடி, மேலே துண்டைப் போட்டேன்.

படகில் அவள் கேட்டாள். “வாளியில என்னா காக்?”

“தண்ணி. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கால் கழுவ.”

அவள் தலையாட்டிவிட்டு என்ஜினைக் கிளப்பினாள். நான் அவளிடம் சொன்ன முதல் பொய் அது.

வீட்டுக்கு வந்தபோது கணவர் வேலைக்குப் போயிருந்தார். குளியலறையில் வாளியை வைத்து, ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டி, கதவைச் சாத்தினேன். இருட்டாக்கிவிட்டேன், இனி விரிந்துவிடும் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் என்னோடு வெளிச்சமும் உள்ளே போயிற்று. அது சுருண்டேதான் கிடந்தது.

பிறகுதான் போனில் படிக்க ஆரம்பித்தேன். இவற்றுக்கு ஓடும் தண்ணீர் வேண்டும், சூடு ஆகாது, தண்ணீர் கெட்டால் தாங்காது. வாளியில் கைவிட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. ஐஸ் பெட்டியில் இருந்த போத்தலைத் துணியில் சுற்றி வாளியின் வெளிப்பக்கம் கட்டினேன். பத்து மணிக்கு மீன் தொட்டிக் கடை திறந்ததும் ஓடினேன். காற்றுக் குழாய் மோட்டார் கேட்டேன்.

“என்னா மீன் ஆண்ட்டி?” என்று கடைக்காரர் மலாயில் கேட்டார்.

“கோல்ட்ஃபிஷ்.”

இரண்டாவது பொய். வீட்டுக்கு வந்து மோட்டாரைப் பொருத்தினேன். குமிழிகள் வந்தன. அது சரியா தப்பா என்று தெரியவில்லை. தண்ணீர் மாற்ற வேண்டுமே என்று மறுபடி கடலுக்குப் போய் ஐந்து லிட்டர் போத்தல்களில் நிரப்பிக்கொண்டு வந்தேன். அதில் முக்கால்வாசி தீர்ந்ததும் இன்னொரு தரம் போனேன். மதியச் சோறு சாப்பிட்டேனா என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. இரண்டாவது தரம் திரும்பும்போது பள்ளிக்கூடம் விடும் நேரம், சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

வந்து பார்த்தபோது வாளியின் அடியில் சின்னச் சின்னத் துண்டுகள் கிடந்தன. ஏழு. அது தன் நுனிகளைத் தானே உதிர்க்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு துண்டை வெள்ளைத் தட்டில் வைத்து, பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வளையத்திலும் வெறும் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள், வரிசை மாறாமல். தொழிற்சாலையில் அவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. அதை உடைத்தது நான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகளைக் கூப்பிட்டேன். கடையில் கூட்டம் போலிருக்கிறது, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அய்யோ மா, அத எதுக்குக் கொண்டாந்தீங்க? போயி விட்டுருங்க.”

“இப்ப தண்ணி ஏறியிருக்கு. அந்த எடம் ஆளு ஆழத்துக்கு மேல. நாளைக்கு விடியறதுக்கு முன்னாடிதான் வத்தும்.”

“அந்தப் படகு ஜெட்டியிலயே விட்டுருங்களேன்.”

“அங்க வெறும் சேறு மா. அதுக்குப் புடிச்சுக்க ஏதாவது வேணும்.”

அவள் யாருக்கோ மருந்து விலை சொல்வது கேட்டது. பிறகு, “அப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

அப்பாவுக்கு ஏழரை மணிக்குத் தெரிந்தது. குளிக்கப் போனவர் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, அப்படியே நின்றார்.

“அலமாக்! என்னா இது? துணி ஊற வைக்கிற வாளியில என்னத்த போட்டு வச்சிருக்க?”

“லைட்ட அணைங்க. மொதல்ல லைட்ட அணைங்க.”

என் குரலில் என்ன இருந்ததோ, மறு பேச்சில்லாமல் அணைத்தார். இருட்டில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கூடத்துக்குப் போனார். வேலைப் பையைத் துழாவும் சத்தம் கேட்டது. துறைமுகத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சைகை காட்டும் சிவப்பு விளக்கைக் கொண்டுவந்தார்.

“ராத்திரி நண்டு புடிக்கிறவனுங்க சிவப்பு லைட்டுதான் வைப்பானுங்க. சிவப்பு இதுங்களுக்கு அவ்வளவா தெரியாதாம்,” என்றார்.

விளக்கின் மேல் ஒரு துணியையும் சுற்றினார். பிளாஸ்டிக் முக்காலிகள் இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வாளிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தோம். அவர் குளிக்கவில்லை, டீசல் வாசம் அடித்தது. காற்றுக் குழாயை நிறுத்தி நிறுத்திப் போட்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் என் முழங்காலில் கையை வைத்தார்.

முதலில் ஒரே ஒரு கை எழுந்தது. எழுந்தது என்பதை விட, ஒரு சுருள் தன்னை நம்பாமல் கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி இறுகியது, பிறகு தளர்ந்தது. அதன் கிளைகள் இரண்டு இரண்டாகப் பிரிந்து மேலே வந்தன. பக்கத்துக் கையும் வந்தது. மூன்றாவது கை பாதியில் நின்றுவிட்டது, அதில்தான் நிறைய நுனிகள் போயிருந்தன. வாளியின் அகலம் அதற்குப் போதவில்லை. நுனிகள் பிளாஸ்டிக் சுவரைத் தொட்டன, பின்வாங்கின, மறுபடி தொட்டன. பிடிக்க எதுவும் இல்லை, வழவழவென்ற சுவர்.

“ஒன்னயத்தான் தேடுது போல,” என்றார் கணவர்.

“என்னயவா? அது வூட்ட தேடுது.”

அவர் சிவப்பு விளக்கைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்து, “இத்தன நாளு அந்த ஜெட்டிக்குப் பக்கத்துலதான் வண்டி ஓட்டுறேன்,” என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. பார்க்க நினைத்ததைப் பார்த்துவிட்டேன். ஆனால் வாளிக்குள் அதைப் பார்த்தது, யாரோ ஒருவரின் படுக்கையறைக் கதவைத் தள்ளித் திறந்து பார்த்தது போல இருந்தது.

இனி படகுக்காரியிடம் சொல்லியாக வேண்டும். அவள் படகு இல்லாமல் மேட்டுக்குப் போக முடியாது. போன் செய்தேன். உடைத்துச் சொன்னேன். மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது, பிறகு அது நின்றது.

“கால் கழுவுற தண்ணின்னு சொன்னீங்க,” என்றாள்.

“ஆமா.”

“அந்தச் சிக்கலுக்காக ஒன்னும் இல்ல காக். வலையில மாட்டுனா நாங்களே பிச்சுத்தான் போடுறோம். கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன். என் படகுல உக்காந்து என்கிட்டயே பொய் சொன்னீங்களே.”

“தப்புதான். நாளைக்கு ஒரு தடவ மட்டும்...”

“நாளைக்கு நான் போவல. சுமத்ரா வரும் போல இருக்கு.” போனை வைத்துவிட்டாள்.

சுமத்ரா என்றால் அந்த மாதங்களில் விடிகாலையில் மேற்கிலிருந்து திடீரென்று வரும் புயல்மழை. ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும், ஆனால் அந்த நேரத்தில் சின்னப் படகு கடலில் இருக்கக் கூடாது.

விடிவதற்கு வெகு முன்னாலேயே, அவள் வந்தாலும் வராவிட்டாலும் போவது என்று எழுந்தேன். கணவரும் எழுந்து சட்டை போட்டார். மேற்பார்வையாளருக்குத் தாமதமாக வருவேன் என்று செய்தி அனுப்பினார். அவர் வேலைக்குத் தாமதமாகப் போய் நான் பார்த்ததே இல்லை. நான் பின் இருக்கையில் வாளியைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மேற்கில் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது. படகுத்துறைக்குத் திரும்பும் இடத்தில் காற்று காரை ஒரு தள்ளு தள்ளியது. அடுத்த நிமிஷம் மழை.

தகரக் கூரையின் கீழே ஓடினோம். அவள் அங்கே இருந்தாள். படகுக் கயிற்றை இரட்டையாகக் கட்ட வந்திருக்கிறாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட எங்களைப் பார்த்தாள், என் கணவருக்கு மட்டும் தலையசைத்தாள். தகரத்தில் மழை அடித்த அடியில் யாரும் பேச முடியவில்லை. நான் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். ஆறு இருபதுக்குக் கடல் முழுக்க வற்றும் என்று எனக்குத் தெரியும். ஆறு இருபது மழையிலேயே போயிற்று. ஆறரை. ஆறே முக்கால். தண்ணீர் ஏற ஆரம்பித்திருக்கும்.

மழை கொஞ்சம் குறைந்தபோது அவள் எழுந்து வந்து, என்னைக் கேட்காமலே வாளியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“உயிர் இருக்கா?”

“ராத்திரி இருந்துச்சு.”

மூடியை மூடினாள். கடலைப் பார்த்தாள். “பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட அங்க நிக்க மாட்டேன். வண்டிக்காரரும் வரட்டும், உங்கள புடிச்சுக்க ஆள் வேணும்.”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. சாம்பல் வெளிச்சம், கலங்கிய தண்ணீர். மேட்டின் முதுகு ஏற்கெனவே மூழ்கியிருந்தது. அந்த ஓரத்தில் இறங்கினால் தொடை வரைக்கும் தண்ணீர், கீழே எதுவும் தெரியவில்லை. படகில் நின்றபடியே அவள் கையைக் காட்டிச் சொன்னாள், “இன்னும் எடது பக்கம். இன்னும் கொஞ்சம். அங்கதான்.” அந்த விசிறி எங்கே நிற்கிறது என்று அவளுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. கணவரும் என்னோடு இறங்கி, என் சட்டையின் பின்பக்கத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் கையை விட்டுத் துழாவினேன். விசிறி விரலில் பட்டது, சொரசொரப்பாக.

முடிச்சை எடுத்துக் கிளைகளுக்கு நடுவில் வைத்துக் கையை எடுத்தேன். அது விழுந்துவிட்டது. இரண்டு கைகளையும் விட்டுத் தேடி மறுபடி எடுத்தேன், முகம் தண்ணீருக்குள் போயிற்று. இந்த முறை உள்ளங்கையால் அதை விசிறியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அலை வந்து தோளில் மோதியது.

“வாங்க காக்!”

“இன்னும் கொஞ்சம்.”

“ஏய், போதும், வா,” என்று கணவர் சட்டையை இழுத்தார்.

அப்போது உள்ளங்கையின் கீழே அசைவு தெரிந்தது. ஒரு சுருள் என் சுண்டு விரலைச் சுற்றி இறுகியது. பிடிக்க அதற்கு என் விரல்தான் கிடைத்தது போல. விரலை மெதுவாக, மிக மெதுவாக வளைத்து உருவினேன். அது விரலை விட்டுவிட்டுப் பக்கத்துக் கிளையைப் பிடித்தது. இன்னொரு சுருளும் பிடித்ததா என்று தெரியவில்லை. கையை எடுத்தேன். விழுந்ததா நின்றதா என்று பார்க்க அந்தக் கலங்கலில் வழியில்லை. கணவர் என்னைத் தூக்காத குறையாகப் படகில் ஏற்றினார்.

துறைக்கு வந்ததும் அவர் ஈரத்தோடே வேலைக்குப் போனார். அவள் படகைக் கட்டிவிட்டு, என் காலி வாளியைத் துறையில் வைத்துவிட்டு நடந்துவிட்டாள்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடத் துணியவில்லை. கடல் வற்றும் நாட்களில் கரையில் நின்று, தூரத்தில் அவளுடைய தலை விளக்கு அசைவதைப் பார்த்துவிட்டு வருவேன். வேலைக்கு மனுப் போட்டேன். இரண்டு இடத்தில் வயதைக் கேட்டார்கள், ஓர் இடத்தில் கேட்கவில்லை. அங்கே, ஒரு பாலர் பள்ளியின் சமையலறையில், காலை ஆறு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். வற்றும் நாட்களுக்கும் அந்த நேரத்துக்கும் ஒத்துவரவில்லை. இரவெல்லாம் யோசித்து, சரி என்று சொல்லிவிட்டேன்.

வேலை தொடங்குவதற்கு முந்தின வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. வணக்கமும் இல்லை, விசாரிப்பும் இல்லை.

“காக், என்ஜின் படுத்துருச்சு. இங்க யாருக்கும் பாக்கத் தெரியல. உலு திராம்ல ஒருத்தர் பழுது பாக்குறாராம். உங்க கார் இருக்கா?”

பின் இருக்கையில் நாளிதழை விரித்து என்ஜினைக் கிடத்தினோம். உலு திராம் வரைக்கும் நல்ல தூரம். பாதி வழி வரைக்கும் ரேடியோதான் பேசியது. பிறகு நான் தாங்காமல் கேட்டேன்.

“பாத்தியா?”

எதை என்று அவள் கேட்கவில்லை. “ரெண்டு தடவ போனேன். அந்த விசிறியில ஒன்னும் இல்ல. அதுக்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்னுல ஒன்னு இருந்துச்சு. அதுதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நுனி கொறஞ்சிருந்துச்சா?”

“சுருண்டுல்ல கெடந்துச்சு. நான் பிரிச்சுப் பாக்கல.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் வேண்டுமென்றேதான் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டேன்.

பழுது பார்ப்பவர் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் மீ கோரேங் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பெரிய சாலை, லாரிகள் ஓயவில்லை. அவள் ஸ்ட்ராவால் ஐஸைக் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“உங்க வீட்டுல அது விரிஞ்சுச்சுன்னு அன்னிக்குப் போன்ல சொன்னீங்களே. விரிஞ்சா எப்படி இருக்கும்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீ பாத்ததே இல்லையா?”

“எங்க பாக்குறது? விளக்கு அடிச்சா சுருண்டுக்கும். வலையில வந்தா பந்தாத்தான் வரும். பொறந்ததுலேருந்து கடல்லதான் கெடக்கேன், அத அப்படிப் பாத்ததில்ல.”

சொல்லப் பார்த்தேன். என் மலாயில் அதற்கு வார்த்தைகள் போதவில்லை, தமிழில் இருந்தாலும் போதியிருக்காது. மேசையில் ஈரம் படிந்திருந்தது. விரலால் நடுவில் ஒரு வட்டு போட்டேன். ஐந்து கோடு இழுத்தேன். ஒவ்வொரு கோட்டையும் இரண்டாகப் பிரித்தேன், அதை மறுபடி இரண்டாக. அவள் கோப்பையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். கோடுகள் மேசை விளிம்பு வரைக்கும் போய்விட்டன, நான் நிறுத்தவில்லை. முதலில் போட்ட கோடுகள் காயக் காய, அவள் தன் கோப்பைத் தண்ணீரில் விரலைத் தொட்டு அவற்றை மறுபடி இழுத்துக்கொண்டிருந்தாள்.